வெயில் மேல் பழி போடுவதற்கு முன்: மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்தவர்கள் தோலைக் கவனிப்பது எப்படி

எங்கள் பக்கத்தில் தோலில் எது வந்தாலும் பழி ரெண்டு பேர் மேல்தான் விழும். ஒன்று வெயில், இன்னொன்று கத்திரிக்காய். வேர்க்குரு, சூட்டுக்கட்டி, கொப்புளம் என்றால் வெயில் கணக்கு. அரிப்பு, தடிப்பு என்றால் "கரப்பான்தான், கத்திரிக்கா துன்னிருப்ப" என்று கத்திரிக்காய் கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகிற வேலூரில் இப்படி நினைப்பதில் தப்பில்லை. பல நேரம் அது சரியாகவும் இருக்கும். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடித்து வீட்டுக்கு வந்தவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு போதாது. அவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. ஆறு வருஷம் முன் வலது மார்பையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்துக்கொண்டவள். பட்டுத் தெரிந்துகொண்டதையும், டாக்டர்களும் நர்சுகளும் திரும்பத் திரும்பச் சொன்னதையும் இங்கே வைக்கிறேன்.

நான் பட்டது இப்படி. ஆபரேஷன் முடிந்த இரண்டாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள இலவம்பாடி முள் கத்திரிக்காய் வாங்கி வந்திருந்தார்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே காய்தான். காம்பில் முள் இருக்கும், ஊரே அறியும். ஆளைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டே நறுக்கினேன், வலது ஆள்காட்டி விரலில் சுருக்கென்று ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். சாயங்காலம் வளையல் இறுக்கியது. முழங்கைக்குக் கீழே தடித்து, தொட்டால் தோசைக்கல் ஓரம் மாதிரி சூடு. பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துவிட்டு, "கத்திரிக்கா துன்னியாக்கா? கரப்பான்தான் அது, வேப்பிலை அரைச்சிப் பூசு" என்றாள். தெருமுனை கிளினிக்கில் அலர்ஜி மாத்திரை கொடுத்தார்கள். மார்பு ஆபரேஷன் ஆன பக்கம் இது என்று நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது. காய்ச்சல் 102. காலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், நரம்பு வழியே ஆன்டிபயாடிக் ஏறியது ஐந்து நாள்.

ஒரு விதத்தில் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னது சரிதான். கத்திரிக்காயால்தான் வந்தது. தின்றதால் வரவில்லை, குத்தியதால் வந்தது. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்துவிட்டால் அந்தக் கையிலிருந்து நிணநீர் வடிகிற வழி குறைந்துவிடுகிறது. தேங்குகிற நீரில் கிருமி புகுந்தால் அது ஓடுகிற வேகம் நம்மால் நம்ப முடியாதது. இதை எனக்கு யாரும் முன்பே சொல்லாமல் இல்லை. டிஸ்சார்ஜ் அன்று சொன்ன பத்து விஷயங்களில் ஒன்றாக அது காதில் விழுந்து போயிருந்தது.

முதல் வேலை: எது எதிர்பார்த்ததே என்று தெரிந்துகொள்வது

கதிர்வீச்சுச் சிகிச்சையை நம்மூரில் 'கரண்ட் வைக்கிறது' என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வீரியமான எக்ஸ்ரே கதிர் அது. வெளியிலிருந்து மெஷினில் வைக்கும் கரண்ட் உடம்பில் தங்குவதும் இல்லை, பேரப்பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம்.

பலருக்கு 15 அல்லது 16 தடவை, சிலருக்கு 25 தடவை வைப்பார்கள். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் தோல் மாறத் தொடங்கும். புத்தகங்களில் 'சிவக்கும்' என்று போட்டிருக்கும். நம்முடைய நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. கறுத்துப் போகும், காயும், அரிக்கும். அக்குளிலும் மார்பின் அடி மடிப்பிலும் தோல் உரிந்து நீர் கசியலாம். கரண்ட் முடிந்த மறுநாளே எல்லாம் ஆறிவிடும் என்று நினைத்து, ஆறாததைப் பார்த்துப் பயந்தவர்கள் நிறைய. முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் அது கூடத்தான் செய்யும், அதற்கப்புறம்தான் இறங்கும். ஒன்று, ஒன்றரை மாதத்தில் புண் ஆறிவிட வேண்டும். கறுப்பு மட்டும் பல மாதம் இருக்கும், சிலருக்கு முழுதாகப் போகாது.

கீமோவில் நகம் கறுப்பது, ஊசி ஏறிய நரம்பு வழியே கறுப்புக் கோடு விழுவது, இரண்டும் பார்க்கப் பயங்கரம், பெரும்பாலும் ஆபத்தில்லை. நகம் தூக்கிக்கொண்டு சீழ் வைத்தால் அது வேறு. கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் எரிந்து உரிவது உண்டு. அதைப் பொறுத்துக்கொண்டு மாத்திரையை விழுங்கிக்கொண்டே இருக்கக் கூடாது. டாக்டருக்குச் சொன்னால் கொஞ்ச நாள் நிறுத்தியோ அளவைக் குறைத்தோ தருவார்.

ஆபரேஷன் முடிந்த சில வாரத்தில் அக்குளிலிருந்து முழங்கை வரை சரடு இழுத்த மாதிரி தோலுக்கடியில் தெரிந்தால், அது கேன்சர் நரம்பு இல்லை. கையைத் தூக்கும் பயிற்சியில் தளர்கிற சரடு. பிசியோதெரபி பிரிவில் காட்டுங்கள்.

இரண்டாவது: உங்கள் தோலின் 'வழக்கம்' என்ன என்று பதிவு செய்வது

புண் ஆறி, தோல் ஒரு நிலைக்கு வந்ததும் ஒரு நாள் குறித்துக்கொண்டு போட்டோ எடுங்கள். நேராக ஒன்று, பக்கவாட்டில் கையைத் தூக்கியபடி ஒன்று, முதுகுப் பக்கம் ஒன்று. என் பெண்தான் எடுத்தாள். எடுக்கும்போது இருவரும் பேசிக்கொள்ளவில்லை, எடுத்து முடித்து டீ போட்டுக் குடித்தோம். போனில் பூட்டு போட்ட ஃபோல்டரில் வையுங்கள், வாட்ஸ்அப்பில் யாருக்கும் தட்டிவிடாதீர்கள். பின்னால் ஒரு நாள் "இந்தக் கறுப்பு முன்பே இருந்ததா?" என்று டாக்டர் கேட்கும்போது நம் ஞாபகம் உதவாது, இந்த மூன்று படம் உதவும்.

பிறகு மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும். தினமும் தடவித் தடவிப் பார்த்தால் எல்லாமே கட்டியாகத்தான் படும். அந்த வியாதியும் எனக்கு ஒரு வருஷம் இருந்தது. குளியலறை பல்பு வெளிச்சத்திலோ ட்யூப்லைட்டிலோ நிறம் தெரியாது. ஜன்னலோரம், காலை வெளிச்சத்தில், கண்ணாடி முன் நில்லுங்கள். சின்ன வீடு, கூட்டுக் குடும்பம் என்றால் கதவைத் தாழ் போட்டுக்கொள்ள ஒரு பத்து நிமிஷம் கேட்டு வாங்குங்கள்.

கண்ணால் பார்ப்பது பாதி. மீதி கை. புறங்கையை வைத்து இரண்டு பக்கத்துச் சூட்டையும் ஒப்பிடுங்கள். பிறகு மூன்று விரலின் தட்டைப் பகுதியால் தழும்பு நெடுக, அக்குள் குழி, காறை எலும்புக்கு மேலே, விலாப்பக்கம் என்று மெதுவாக உருட்டிப் பாருங்கள். மார்பை எடுத்துவிட்டதால் பார்க்க ஒன்றும் இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். நோய் அந்த நெஞ்சுத் தோலிலேயே திரும்ப வரலாம். மற்ற மார்பும் இருக்கிறது.

இன்னொன்று. ஆபரேஷன் ஆன இடத்தில் நிறையப் பேருக்கு உணர்ச்சி மரத்திருக்கும். வெந்நீர்ப் பை வைத்து வெந்து போனதுகூடத் தெரியாமல் இருந்தவரை எனக்குத் தெரியும். எனவே 'வலிக்கல, அதனால ஒண்ணும் இருக்காது' என்ற கணக்கு இங்கே செல்லாது. திரும்பி வருகிற கட்டி பெரும்பாலும் வலிக்கவும் வலிக்காது.

வெயிலா, வேறா?

வேர்க்குரு ஒரு பக்கம் மட்டும் வராது. கழுத்து, முதுகு, இடுப்பு என்று வியர்க்கிற இடமெல்லாம் வரும், குளித்துக் காற்றாட இருந்தால் சில நாளில் அடங்கும். சிகிச்சை நடந்த பக்கத்தில் மட்டும், தழும்பை ஒட்டியோ கரண்ட் வைத்த சதுரத்துக்குள்ளோ புதிதாக ஒன்று வந்து, இரண்டு வாரம் ஆகியும் போகவில்லை என்றால் வெயிலை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள்.

மார்பின் அடி மடிப்பிலும் செயற்கை மார்புப் பஞ்சு அழுத்துகிற இடத்திலும் கோடையில் பூஞ்சைப் படை வருவது சகஜம். ஓரம் தடித்து, நடுவில் வெளுத்து, அரிப்பெடுக்கும். அதையும் ஒரு தடவை காட்டிவிட்டே மருந்து போடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் 'படைக்கு ஒரு ட்யூப்' என்று கேட்டால் ஸ்டீராய்டும் வேறு ரெண்டு மருந்தும் கலந்த க்ரீமைத் தூக்கிக் கொடுப்பார்கள். நாலு நாளில் அரிப்பு அடங்கும், நோய் அப்படியே இருக்கும். அதைவிட மோசம், டாக்டர் பார்க்கும்போது உண்மையான உருவம் மறைந்து போயிருக்கும். மஞ்சளும் அப்படித்தான். மஞ்சள் பூசிக்கொண்டு போனால் தோலின் நிறமே அவருக்குத் தெரியாது. சுண்ணாம்பு, பச்சிலை, எருக்கம்பால், எதுவும் கரண்ட் வைத்த தோலில் வேண்டாம். அந்தத் தோல் ஒரு தடவை புண்ணானால் ஆற நாளாகும்.

அன்றைக்கே போக வேண்டியவை

கை அல்லது நெஞ்சில் தடிப்பும் சூடும் பரவி, கூடவே குளிரோ காய்ச்சலோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கிளம்பும் முன் பால்பாயிண்ட் பேனாவால் தடிப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதுங்கள். கோட்டைத் தாண்டி எவ்வளவு நேரத்தில் எவ்வளவு பரவியது என்று பார்த்ததும் தெரியும்.

கீமோ நடந்துகொண்டிருக்கும்போது காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால், தோலில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அன்றைக்கே போக வேண்டும்.

அக்கி. கீமோவுக்கு அப்புறம் எதிர்ப்புசக்தி குறைந்திருக்கும்போது இது வருகிறது. முதுகிலிருந்து நெஞ்சுக்கு ஒரே பக்கமாக, பட்டை போட்ட மாதிரி எரிச்சல். இரண்டு மூன்று நாள் கழித்துக் கொத்துக் கொத்தாக நீர்க் கொப்புளம். நம் ஊர்ப்பக்கம் உடனே குயவர் வீட்டுக்குப் போய்க் காவியில் அக்கி எழுதிக்கொள்வார்கள். எழுதுகிறவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, என் அம்மாவுக்கும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இது சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்பில் தூங்கிக் கிடந்து எழுவது. அதற்கான மாத்திரை கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். அக்கி எழுதப் போகிற நேரத்தில் அந்த 72 மணி கரைந்துவிடுகிறது. முதலில் டாக்டர், காவி அப்புறம்.

தமாக்சிபென் என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு கால் ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தால் ரத்தம் கட்டியிருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும். அதோடு மூச்சும் வாங்கினால் 108-ஐக் கூப்பிடுங்கள். புது மருந்து தொடங்கிய பிறகு உடம்பெல்லாம் கொப்புளம் கிளம்பி, வாய், கண் புண்ணானாலும் 108தான்.

சில நாளுக்குள் காட்ட வேண்டியவை

தழும்பிலோ அதைச் சுற்றியோ மிளகு, உளுந்து அளவில் கெட்டியாக ஒரு சிறு கட்டி. தோல் நிறத்திலேயே இருக்கலாம், லேசான ஊதாவாகவும் இருக்கலாம். கமலாப்பழத் தோல் போலக் குழி குழியாகத் தடித்த தோல். காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது. காம்பில் செதில், அரிப்பு, கசிவு; சொறி மாதிரி தெரியும், க்ரீம் போட்டும் ஆறாது. ஆறாத புண்.

அடிபடாமல் வந்த ரத்தக்கட்டு. இதற்கு மட்டும் கொஞ்சம் நிற்கிறேன். கரண்ட் வைத்துப் பல வருஷம் கழித்து, பெரும்பாலும் ஐந்து வருஷத்துக்கு மேல், அந்தத் தோலில் ரத்தக்குழாய்ப் புற்று ஒன்று வருவது உண்டு. மிக அரிது. பார்க்க இடித்துக்கொண்ட இடம் மாதிரி ஊதாவாக இருக்கும், அதனாலேயே விட்டுவிடுகிறார்கள். சாதாரண ரத்தக்கட்டு பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி இரண்டு வாரத்தில் மறைந்துவிடும். இது மறையாது, பெரிதாகும். கரண்ட் வைத்த தோலில் சிலந்திவலை மாதிரி மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிவது வேறு, அது ஆபத்தில்லை. எனக்கே இருக்கிறது.

கை கனப்பது, ஜாக்கெட் கை ஒரு பக்கம் மட்டும் இறுக்குவது, மோதிரம் கழலாதது: நிணநீர் வீக்கத்தின் ஆரம்பம். ஆரம்பத்தில் போனால் அழுத்தக் கட்டும் பயிற்சியும் போட்டுக் கட்டுக்குள் வைக்கலாம். வீங்கி ஆறு மாதம் கழித்துப் போனால் கஷ்டம்.

யாரிடம் போவது, எதை எடுத்துப் போவது

சிகிச்சை கொடுத்த இடத்துக்கே முதலில் போவது நல்லது. பழைய ஃபைல் அங்கேதான் இருக்கிறது. தோல் டாக்டரைத் தேடிப் போவது தப்பில்லை, ஆனால் போய் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாகவே "எனக்கு மார்பகக் கேன்சருக்கு ஆபரேஷன் ஆகி, கரண்ட் வைத்திருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். நான் தெருமுனை கிளினிக்கில் விழுங்கிய வாக்கியம் அதுதான்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) பார்த்தவர்கள், உங்களுக்கென்று அங்கே கொடுத்த ஆஸ்பத்திரி நம்பரைப் போனிலும் ஒரு காகிதத்திலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பழைய பஸ் ஸ்டாண்ட் அருகே ஊருக்குள் ஒரு வளாகமும் ராணிப்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலையில் ஒரு வளாகமும் இருப்பதால், உங்கள் பிரிவு எங்கே என்று கேட்டுக்கொண்டு பஸ் ஏறுங்கள். தப்பான வளாகத்தில் இறங்கி வெயிலில் அரை நாள் அலைந்தவர்கள் கதை நிறைய உண்டு. அரசு ஆஸ்பத்திரி என்றால் திருவண்ணாமலை ரோட்டில் அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி. குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் அவசரத்துக்கு அங்கங்கே உள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு முதலில் போய் ஊசியை ஆரம்பித்துவிட்டு, பிறகு வேலூர் வரலாம். எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.

எடுத்துப் போக வேண்டியவை: டிஸ்சார்ஜ் சம்மரி, முதல் பயாப்ஸி ரிப்போர்ட், கரண்ட் எத்தனை நாள், எந்த இடம் என்ற சீட்டு, இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள், பழைய மேமோகிராம், அந்த மூன்று போட்டோ. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதுவும். முன்பக்கம் கொக்கி வைத்த ஜாக்கெட் போட்டுப் போங்கள். சுடிதார் டாப்பைக் கழுத்துவரை சுருட்டிக்கொண்டு நிற்பது யாருக்கும் சௌகரியமில்லை. பெண் டாக்டர் வேண்டும், அல்லது நர்ஸ் கூட இருக்க வேண்டும் என்று கேட்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நம் பெண்கள் டாக்டர் முன் உட்கார்ந்ததும் சொல்கிற முதல் வார்த்தை, "ஒண்ணுமில்ல டாக்டர், சும்மா காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்." மூன்று மணி நேரம் காத்திருந்துவிட்டு அதைச் சொன்னால் அவரும் ஒன்றுமில்லை என்றுதான் பார்ப்பார். வீட்டிலேயே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். நான் மூன்று வருஷம் முன் எழுதியது இன்னும் ஃபைலில் இருக்கிறது:

"வலது பக்கம் ஆபரேஷன். கரண்ட் 15 நாள். தழும்புக்குக் கீழே ரெண்டு விரல் தள்ளிக் கட்டி, உளுந்து அளவு. பார்த்து மூணு வாரம். வலி இல்லை. பெருசாகிற மாதிரி இருக்கு. எதுவும் பூசலை."

அவ்வளவுதான். டாக்டர் அதைப் படித்துவிட்டு நேராகக் கட்டியில் கை வைத்தார்.

பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பினால் சந்தோஷம். எழுந்திருக்கும் முன் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். இது எத்தனை நாளில் போக வேண்டும்? போகாவிட்டால் எப்போது, யாரிடம் வர வேண்டும்? பதிலைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த நாள் வரையில் போகவில்லை என்றால் மறுபடி போவதில் கூச்சம் வேண்டாம். முதல் தடவை படை மருந்து எழுதிக் கொடுத்தார்களே என்று அதையே மூன்று மாதம் பூசிக்கொண்டிருக்காதீர்கள்.

சதை எடுத்து டெஸ்ட் பண்ணச் சொன்னால்

'கத்தி பட்டா பரவிடும்' என்று யாராவது ஒரு பெரியம்மா கட்டாயம் சொல்வார். பயாப்ஸி எடுப்பதால் நோய் பரவுவதில்லை. எடுக்காமல் என்ன நோய் என்று சொல்லவும் முடியாது, ஸ்கேனில் தெரிகிறது பாதிதான். தோலில் எடுப்பது சின்ன வேலை. மரத்துப்போக ஒரு ஊசி, அது கொஞ்சம் எரியும். பிறகு ரீஃபில் கழற்றிய பேனா மூக்கு மாதிரி ஒரு குழல், மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலம், அதை வைத்துத் திருகி எடுப்பார்கள். ஒன்றிரண்டு தையல் போடுவார்கள், சில நேரம் அதுவும் இல்லை. ரத்தம் உறையாத மாத்திரையோ சர்க்கரை மாத்திரையோ சாப்பிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள்.

ரிசல்ட் வர சில நாள் ஆகும். அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. கூடத்தில் டிவி ஓடிக்கொண்டே இருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு வந்த பதில், உள்ளே போட்ட தையல் நூலைச் சுற்றி உடம்பு கட்டிக்கொண்ட கட்டி, கேன்சர் இல்லை. என்னோடு அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு வேறு பதில் வந்தது. அவருக்கு அந்த இடத்தை வெட்டி எடுத்தார்கள், மாத்திரையையும் மாற்றினார்கள். திரும்பி வந்த கட்டியின் குணம் பழைய கட்டியிலிருந்து மாறியிருக்கலாம் என்பதால், எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கிற ஹார்மோன் டெஸ்டையும் ஹெர்-2 டெஸ்டையும் புதுச் சதையில் மறுபடி செய்யச் சொல்லிக் கேட்கலாம். அக்கா இப்போதும் ரிவ்யூவுக்கு வருகிறார், கேன்டீனில் பார்த்துக்கொள்கிறோம்.

கைக்கும் தோலுக்கும் தினசரி

குளித்ததும் ஒற்றித் துடையுங்கள், தேய்க்க வேண்டாம். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் போதும். கரண்ட் வைத்த இடத்தில் நேர் வெயில் படாமல் பருத்தி முந்தானையால் மூடிக்கொள்ளுங்கள். பூ கட்டுகிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள், தோல் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் நகக்கண்ணையும் விரல் வெடிப்பையும் தினமும் பாருங்கள். சின்னக் கீறல் என்றாலும் சோப்புப் போட்டுக் கழுவி ஆன்டிசெப்டிக் வையுங்கள். ரத்தம் எடுக்க, பிரஷர் பார்க்க, முடிந்தவரை மற்றக் கையைக் கொடுங்கள்.

முள் கத்திரிக்காயை நான் விடவில்லை. சீசனில் இப்போதும் வாரம் ஒரு கிலோ வருகிறது. காம்பைக் கத்தரிக்கோலால் வெட்டி, நறுக்கித் தண்ணீரில் போட்டுக் கொடுப்பது மட்டும் வீட்டுக்காரர் வேலை. ஒரு துண்டு பெரிசு, ஒரு துண்டு சிறிசாகத்தான் நறுக்குவார். நான் ஒன்றும் சொல்வதில்லை.